முட்டை அரேப்பாவை மறுபடி எழுதி வைக்கிறேன், அக்கா

அக்கா,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நம் சண்டைக்கு ஒரு வருஷம். முட்டை அரேப்பாவை, உள்ளே முட்டை வைத்துப் பொரிக்கும் மக்காச்சோள ரொட்டியை, கடைக் கரும்பலகையில் மறுபடி ஏற்றப்போகிறேன். அன்றைய சண்டையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

எண்ணெயில் மூன்று அரேப்பாக்கள் வரிசையாக வாய் பிளந்து, மஞ்சள் கரு நுரைத்து ஓடியது. "அக்கா சரியா மூடலை" என்றேன், சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி. நீங்கள் மூடியதில் குறையே இல்லை. நான் வாங்கி வந்தது டார்ட்டியா மாவு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்தது. மெல்லிய ரொட்டிக்கு அது சரி, கனமாகத் தட்டினால் ஓரம் வெடிக்கும். நமக்கு வேண்டியது மாசரேப்பா: தோலும் முளையும் நீக்கி, வேகவைத்து, உலர்த்திப் பொடித்தது. இரண்டு பையும் ஒரே மாதிரி இருந்தன, வாசலில் கூட்டம், எனக்கு அவசரம். சாக்குதான். ஆனால் பொய்யில்லை.

இப்போது நீங்கள் சொன்ன அளவுதான். 2 கோப்பை மாசரேப்பாவுக்கு 2½ கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், 1 தேக்கரண்டி உப்பு. பிசைந்து 10 நிமிடம் மூடி வைக்கிறேன். ஊறாத மாவு தட்டும்போதே விரிசல் விடும். விரிசல் விட்டால் ஈரக்கையால் தடவிவிடுகிறேன், உலர்ந்த மாவைத் தூவுவதில்லை. அரை சென்டிமீட்டர் கனம். 180 டிகிரி எண்ணெயில் உப்பியதும் எடுத்து, ஓரத்தில் 3 சென்டிமீட்டர் கீறி, கிண்ணத்தில் உடைத்த முட்டையை உள்ளே சரித்து, பச்சை மாவால் அடைத்து மறுபடி எண்ணெயில். சூடு குறைந்திருந்தால் அடைப்பு இறுகுவதற்குள் வெள்ளைக் கரு வழிந்துவிடும். கொலம்பியாவின் கரீபியன் கரையில் தெருவோரமாகவே இதைப் பொரித்துத் தருகிறார்கள். நமக்குத்தான் இத்தனை பாடு.

ஆனால் சாங்குவா, அந்தப் பால் முட்டை சூப்? பாலும் தண்ணீரும் சமமாக ஊற்றி, தீயைக் குறைக்காமல் விட்டுவிட்டுப் போனது யார்? பால் லேசாகக் கொப்பளிக்கும்போதே முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும், தளதளவென்று கொதித்தால் திரிந்துபோகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள். அந்தப் பானையை நான்தான் கொட்டினேன். யாரிடமும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நான் சொன்னதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

பணக் கணக்கு இங்கே வேண்டாம். கடைக்கு வருகிறவர்களும் இதைப் படிப்பார்கள். தாள் என்னிடம் இருக்கிறது, நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

தக்காளியையும் வெங்காயத்தாளையும் சின்னத் தீயில் 20 நிமிடம் வதக்கினாலும் என் ஓகாவ் தொக்கில் உங்கள் ருசி வரவில்லை. சீரகம் எப்போது போடுவீர்கள், முதலிலா கடைசியிலா? அதை மட்டும் சொல்லாமலே போய்விட்டீர்கள். வேண்டுமென்றே என்றுதான் நினைக்கிறேன்.

சாக்லேட் பானத்தை நுரைக்கக் கடைகிற உங்கள் மொலினில்லோ மத்து ஆணியிலேயே தொங்குகிறது. நான் புதிதாக ஒன்று வாங்கிக் கடைகிறேன், நுரை பாதிகூட எழும்புவதில்லை. கொடுத்தனுப்ப மாட்டேன். வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காலை எட்டு மணிக்கு முன்னால், கூட்டம் வருவதற்குள்.