சுவருக்கு அந்தப் பக்கத்துக் காலடி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு அண்ணன் மகனோடு சேர்ந்து வீடியோ கேம் எழுத உட்கார்ந்திருக்கிறாயா! இந்த வயதில் உனக்கு வந்திருக்கும் துணிச்சல் எனக்கு வராது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததும் வீட்டில் எங்கெல்லாம் ஒட்டடை இருக்கிறது என்று கணக்கெடுத்து எங்களை வேலை வாங்குகிறார்.

இருட்டு வீட்டில் காலடி ஓசையை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு என்கிறாய். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஓட வேண்டும்; ஒலியை இடம் பிரித்துக் கேட்கவைக்கும் நிரல் தொகுப்பான ஓப்பன்ஏஎல் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதும். ஆனால் உன் விளையாட்டின் உயிர் எதில் இருக்கிறதோ, அதை, அதாவது சுவர் ஒலியை மறைப்பதை, அது செய்து தராது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் உன் தலைவலி. ஆள் எங்கே நின்றாலும் இரண்டு காதிலும் ஒரே அளவில் கேட்கிறது என்கிறாயே, உன் காலடிக் கோப்பு ஸ்டீரியோவாக இருக்கும், பார். ஓப்பன்ஏஎல் இயல்பாக ஒரே தடமுள்ள மோனோ ஒலியைத்தான் இடம் பிரித்துக் காட்டும். ஸ்டீரியோவைக் கொடுத்தால் பிழைச் செய்திகூடத் தராமல் அப்படியே ஒலிக்கும். கோப்புகளை எல்லாம் மோனோவாக மாற்றிவிட்டுப் பிறகு பேசு.

தொலைவுக் கணக்கையும் கவனி. இயல்பான அமைப்பில் 1 மீட்டரில் முழு ஒலி என்றால், 2 மீட்டரில் பாதி, 10 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எவ்வளவு தூரம் போனாலும் பூஜ்யம் ஆகாது. வீடு முழுக்கக் கடிகாரமும் குழாய்ச் சொட்டும் வைத்தால் எல்லாம் சேர்ந்து எந்நேரமும் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருக்கும். நேர்கோட்டுக் குறைவுக்கு மாற்றி, உச்சத் தொலைவையும் குறித்துக் கொடு. அங்கே ஒலி அடங்கிவிடும்.

இனி சுவர். ஓப்பன்ஏஎல்லுக்குத் தெரிந்தது கேட்பவர் ஒருவர், அவரைச் சுற்றிச் சில ஒலி மூலங்கள், அவ்வளவுதான். நடுவில் சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. அடுத்த அறையில் நடப்பவன் உன் தோளருகே நடப்பதுபோலவே கேட்பான். எரிச்சல் என்னவென்றால், இது என்றோ தீர்ந்த சிக்கல். 1998-இலேயே ஆரியல் நிறுவனத்தின் வோர்டெக்ஸ் 2 என்ற சவுண்டு கார்டுச் சில்லு சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும், சுவர் மறைக்கும் ஒலியையும் கணக்கிட்டது. போட்டி நிறுவனமான கிரியேட்டிவ் அதன் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. வழக்கில் வென்றது ஆரியல்தான். ஆனாலும் 2000-இல் திவாலானது. அதன் சொத்துகளை வாங்கியது யார் தெரியுமா? அதே கிரியேட்டிவ். பிறகு 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் ஒலிக்குப் பயன்படுத்திய டைரக்ட்சவுண்டிலிருந்து சவுண்டு கார்டுக்குப் போகும் வழியையே அடைத்துவிட்டது. கார்டே கணக்கிடும் வித்தை அதோடு போயிற்று.

லினக்ஸுக்கு விளையாட்டுகளைக் கொண்டுவந்த லோக்கி நிறுவனம் தொடங்கியதுதான் ஓப்பன்ஏஎல். லோக்கி 2002-இல் மூடப்பட்டது. இன்று உயிரோடு இருப்பது அதன் வழிவந்த ஓப்பன்ஏஎல் சாஃப்ட். முழுக்க மென்பொருளிலேயே கணக்கிடுவதால் எந்தக் கார்டையும் நம்பியிருக்கவில்லை. எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் என்பதால் உன் நிரலோடு கரைக்காமல் தனிக் கோப்பாகவே சேர்த்துக் கொடு.

சுவருக்கு என் யோசனை: ஒவ்வொரு காலடிக்கும் மூலத்திலிருந்து கேட்பவர்வரை ஒரு கோடு இழுத்துப் பார். சுவரில் முட்டினால் ஓப்பன்ஏஎல்லின் ஈஎஃப்எக்ஸ் என்ற கூடுதல் வசதியில் உள்ள, தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ-பாஸ் வடிகட்டியை அந்த மூலத்தில் மாட்டு. உயர் அதிர்வெண்களை நன்றாகக் குறை, மொத்த ஒலியைக் கொஞ்சம் குறை. செருப்பின் ‘டக்’ போய் ‘தொம்’ மட்டும் மிஞ்சும். கதவு திறந்திருந்தால் கோடு கதவு வழியாகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கேதான் வேலை பெருகும். அது தாங்கவில்லை என்றால் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் ஆடியோவுக்குப் போ. வீட்டின் வடிவத்தைக் கொடுத்தால் எதிரொலி, மறைப்பு எல்லாவற்றையும் அதுவே கணக்கிடும். 2024-இல் மூல நிரலையும் திறந்துவிட்டார்கள். எஃப்மோடு என்ற இன்னொரு ஒலி மென்பொருளும் நல்ல கருவிதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. உன் குணத்துக்கு ஒத்துவராது.

ஹெட்போனுக்கான எச்ஆர்டிஎஃப் வசதியைக் கட்டாயம் போடு. தலையும் காது மடலும் ஒலியை மாற்றும் விதத்தை அளந்து வைத்த கணக்கு அது. 1994-இல் எம்ஐடியில் கீமார் என்ற பொம்மைத் தலையைச் சுற்றி 710 இடங்களிலிருந்து அளந்து வெளியிட்டார்கள். ஆனால் அது யாருடைய காதோ. அதனால் முன்னால் இருப்பது பலருக்குப் பின்னால் இருப்பதாகக் கேட்கும். தலையைச் சற்றுத் திருப்பினால் குழப்பம் தீரும். ஆகவே ஆட்டக்காரர் சட்டென்று திரும்ப முடிய வேண்டும். திரும்பும் வேகத்தைக் குறைத்து வைத்து இருட்டுக்குப் பயம் கூட்டலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதை விட்டுவிடு. ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இந்த வசதியை அணைத்துக்கொள்ள மெனுவில் ஒரு பொத்தான் வை.

எதிரொலி அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு அறை, ஒரு கதவு, நடக்கும் ஒருவன். இது ஓடியதும் லினக்ஸ் பதிப்பை அனுப்பு. பொங்கல் விடுமுறையில் என் மகளை உட்காரவைத்துப் பார்க்கிறேன். அவள் முகத்துக்காகப் பொய் சொல்லமாட்டாள்.

அன்புடன்,
செந்தில்