ஆபர்ன் அவென்யூவில் பார்க்க ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அட்லாண்டா பயணக் கட்டுரையைப் படித்தேன். கோகோ கோலா கண்காட்சிக்கு ஒரு பக்கம், மீன் காட்சியகத்துக்கு ஒன்றரைப் பக்கம், மகன் வீட்டுப் புல்வெளிக்கு இரண்டு பத்தி. எல்லாம் சரி. "மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீட்டைத் தவிர ஆபர்ன் தெருவில் பார்க்க ஒன்றுமில்லை, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது" என்று ஒரு வரி வருகிறதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் கட்டுரையாளரே எழுதியிருக்கிறார். இருபது நிமிடம். அதிலும் பாதி, காந்தி சிலை முன்னால் குடும்பத்தோடு படம் எடுத்ததில் போயிருக்கிறது. பழனிக்குப் போய் அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு திரும்பியவர், மலையில் ஒன்றுமில்லை என்று எழுதிய கதைதான்.

நான் இந்த ஊர்ப் பக்கம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை எல்லாம் அந்தத் தெருவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். "காந்தி எங்கே?" என்பார்கள், படம் எடுப்பார்கள், "போலாமா?" என்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் யாரும் பத்திரிகையில் எழுதுவதில்லை.

அந்தத் தெரு எப்படி வந்தது என்பது உங்களைப் போன்றவர்களுக்குத் தெரியாததல்ல. 1906 செப்டம்பரில் அட்லாண்டா நகரின் நடு மத்தியில் வெள்ளைக் கும்பல் கறுப்பின மக்களைத் தேடித் தேடி அடித்துக் கொன்றது. அதற்குப் பிறகு அவர்களின் கடை கண்ணிகள் மெல்ல மெல்ல ஆபர்ன் பக்கம் ஒதுங்கின. ஒதுங்கிய இடத்தில் என்ன செய்தார்கள்? அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ண்டன், வெள்ளைக்காரர்களுக்கு முடிவெட்டிச் சம்பாதித்த பணத்தில், 140 டாலர் கொடுத்து ஒரு சின்ன சகாய நிதிச் சங்கத்தை வாங்கி, அதை அட்லாண்டா லைஃப் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனமாக வளர்த்தார். மற்ற வங்கிகள் கடன் தராத மக்களுக்காக 1921-இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி வந்தது. 1928-இல் அட்லாண்டா டெய்லி வேர்ல்ட் பத்திரிகை. 1949-இல் வெர்ட் வானொலி, அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய முதல் நிலையம். அந்த வானொலி இருந்த அதே ஃப்ரீமேசன் சகோதர சங்கக் கட்டடத்தில்தான் பிறகு கிங்கின் இயக்க அலுவலகமும் இருந்தது. வானொலியில் அவசரமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் கிங் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம்; மேலேயிருந்து ஜன்னல் வழியாக மைக்கை இறக்குவார்களாம். அந்தத் தெருக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. இருபது நிமிடக்காரருக்கு யார் சொல்வார்கள்?

1956-இல் ஃபார்ச்சூன் இதழ் இதை உலகத்திலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று எழுதியது. 'ஸ்வீட் ஆபர்ன்' என்று பெயர் வைத்தவர் ஜான் வெஸ்லி டாப்ஸ். தன் மக்களை ஓட்டுப் போட வைக்க அலைந்தவர். அவர் முகத்தை ஒரு பெரிய முகமூடி மாதிரி வார்த்துத் தெருவோரத்தில் வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் போய் நின்றால் அவருடைய கண் துவாரங்கள் வழியாக ஆபர்ன் அவென்யூவையே பார்க்கலாம். பார்க்க ஒன்றுமில்லை என்றவருக்கு, பார்ப்பதற்கென்றே செய்து வைத்த சிலைகூடக் கண்ணில் படவில்லை!

டாப்ஸ் போன்றவர்கள் விடாமல் கேட்டதால் 1948-இல் நகரப் போலீஸில் எட்டு கறுப்பினத்தவரைச் சேர்த்தார்கள். ஆனால் அவர்கள் வெள்ளையரைக் கைது செய்யக் கூடாது. போலீஸ் தலைமையகத்துக்குள் இடம் கிடையாது. பக்கத்தில் பட்லர் தெரு ஒய்.எம்.சி.ஏ.வின் நிலவறையில் சீருடை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த தெருவான எட்ஜ்வுட்டில் 1924-இல் கட்டிய நகராட்சிச் சந்தை இன்னும் நடக்கிறது. உள்ளே போய்ச் சாமான் வாங்க அன்று வெள்ளையருக்கு மட்டும்தான் அனுமதி. கறுப்பின மக்களுக்கு வெளியே நடைபாதை ஓரக் கடைகள்தான். சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதிய கட்டுரையாளர் அந்தச் சந்தையில் ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறம் ஏன் பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கட்டுரையில் அது இல்லை. 1950-60களில் நகரத்தின் பெரிய நெடுஞ்சாலையை இந்த வட்டாரத்தை நட்டநடுவே கிழித்துக்கொண்டு போட்டார்கள். வீடுகளும் கடைகளும் இடிபட்டன. கட்டுரையாளர் முகம் சுளித்துக்கொண்டு கடந்த அந்த நெடுஞ்சாலைப் பாலம் தானாக முளைத்து வரவில்லை. கறுப்பினத்தவர் வெள்ளையரிடமிருந்து ஒதுங்கித் தனியே வாழ வேண்டும் என்ற சட்டம் ஒழிந்ததும் வசதியுள்ளவர்கள் வேறு இடங்களுக்குப் போனார்கள், அதுவும் உண்மைதான். 2008-இல் சூறாவளி வேறு அடித்தது. ஹெர்ண்டன் பெயரில் இருந்த கட்டடமே அதில் சேதமாகி, பிறகு இடிக்கப்பட்டது.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதில்லை என்பதுதான் என் வருத்தம். போன வருட அமெரிக்கச் சிறப்பிதழில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லை. அதற்கு முன் வேறொரு நகரத்தைப் பற்றிய தொடரில் "அந்த ஏரியா பக்கம் போகாதீர்கள்" என்று பெட்டிச் செய்தி போட்டீர்கள். அதற்கும் எழுதினேன். வெளியிடவில்லை. சரி, இடமில்லாமல் இருந்திருக்கும்.

நம்மவர்கள் வாய்க்கும் இது நன்றாகப் பழகிவிட்டது. நாங்கள் வீடு வாங்கத் தேடியபோது, நம் ஊர்க்காரரான ஒரு தரகர் வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தக் கோட்டுக்குக் கீழே வேண்டாம்மா, அங்கே அவங்கதான்" என்றார். நாமே இந்த நாட்டுக்குள் வந்து குடியேறக் கதவு அகலத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால்தான். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கறுப்பின உரிமைப் போராட்டக் காற்று எந்தத் தெருவிலிருந்து வீசியது என்று தரகரிடம் கேட்டிருக்கலாம். என் கணவர் காலை மிதித்துவிட்டார்.

1959-இல் கிங் இந்தியா வந்தது தெரியும். திருவனந்தபுரத்தில் தலித் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்குப் போனபோது, தலைமை ஆசிரியர் அவரை, "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்" என்று அறிமுகம் செய்தாராம். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்தேன், ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று கிங் பின்னாளில் சொன்னார். எங்கே சொன்னார் தெரியுமா? 1965 ஜூலை 4 அன்று, எபினேசர் பாப்டிஸ்ட் சர்ச் பிரசங்கத்தில். அந்தச் சர்ச் இருப்பது ஆபர்ன் அவென்யூவில். பார்க்க ஒன்றுமில்லாத அதே தெரு.

மறுப்புக் கட்டுரையெல்லாம் கேட்கவில்லை. கேட்டாலும் போட மாட்டீர்கள். 43-ஆம் பக்கத்துப் படத்தின் கீழே "கிங் பிறந்த வீடு" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது வீடு அல்ல, தீயணைப்பு நிலையம் எண் 6. செங்கல் கட்டடம், இப்போது அருங்காட்சியகம். கிங் பிறந்தது அதே தெருவில் 501-ஆம் எண், முன்தாழ்வாரம் வைத்த இரண்டு மாடி மரவீடு. அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போட்டால் போதும். இடமிருந்தால், கிங் மெமோரியல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரரான ஒரு வாசகி,
ஜார்ஜியா, அமெரிக்கா