வேணாம்னு சொன்ன குட்டிக்காக

அன்புள்ள கண்ணம்மா,

நீ பெங்களூர் போய்ச் சேர்ந்து பத்து நாளாச்சு, ஃபோன்ல சாப்டியா தூங்கினியான்னு கேட்டுட்டு வச்சிடறேன், சொல்ல வேண்டியது தொண்டையிலயே நிக்குது, அதான் எழுதறேன்.

பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கு நம்ம செம்பூர் வீட்டு ஹால்ல பெரியப்பா குட்டியை மடியில இழுத்து வச்சு முத்தம் குடுக்கப் போனாரே, அவ கன்னத்தைப் பொத்திக்கிட்டு "வேணாம் தாத்தா, கை குடுக்கறேன்"னா, நீ உடனே தூக்கிக்கிட்ட. நான் எல்லார் முன்னாடியும் உன்னைத்தான் திட்டினேன், பெரியவங்க ஆசையா கொஞ்சினா என்ன குறைஞ்சு போச்சுன்னு.

ராத்திரி கிச்சன்ல நீ சொன்ன, 2007ல மத்திய அரசே 13 மாநிலத்துல 12,447 பிள்ளைங்ககிட்ட கேட்டதுல பாதிக்கு மேல ஏதோ ஒரு விதத்துல பாலியல் தொல்லைக்கு ஆளானதா சொன்னாங்க, செஞ்சதுல பாதிப் பேர் தெரிஞ்சவங்க, நம்பினவங்கன்னு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு, உன்னைத் தூக்கி வளர்த்தவரை அந்தக் கணக்குல சேர்க்கிறியான்னு கத்தினேன். நீ சேர்க்கவே இல்ல. யாரு எப்படின்னு குழந்தைக்குத் தெரியாதும்மா, வேணாம்னா விடுவாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னுதான் சொன்ன.

நீ போனப்புறம் மாட்டுங்கா கல்யாணம் ஞாபகம் வந்துது. உனக்கு ஆறு வயசு. அந்தத் தூரத்து மாமா, மூக்குப்பொடி வாசனை, மூணு நாள் தாடி, "வாடி என் ராஜாத்தி"ன்னு கையை நீட்டினார். நீ என் புடவைக் கொசுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி ஒளிஞ்ச. நான் உன் விரலை ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்து அவர்கிட்ட தள்ளிவிட்டேன். அப்புறம் குழாயடியில நின்னு கன்னம் சிவக்கச் சிவக்கத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டு இருந்த, நான் வந்து பாவாடை நனையுதேன்னு மட்டும்தான் சொன்னேன். மன்னிச்சிடுடி.

ஃப்ரிட்ஜ்ல நீ ஒட்டிட்டுப் போன, குழந்தைங்க உதவிக்குக் கூப்பிடற 1098 நம்பரை அன்னிக்கே கிழிக்க நினைச்சேன், இப்போ இருக்கட்டும்னு விட்டுட்டேன், பக்கத்து ஃபிளாட் பிள்ளைங்களும் வந்து போற வீடு.

நேத்து பெரியப்பாகிட்ட நானே பேசினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "குழந்தை இனிமே எங்கிட்ட வராதாம்மா"ன்னு கேட்டார், குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு, பாவமா இருந்துச்சு. நீங்க சும்மா உக்காந்து கதை சொல்லுங்க, அவளா வருவான்னேன். சரின்னார்.

தீபாவளிக்கு உத்யான் எக்ஸ்பிரஸ்ல வர்றப்போ தாதர் ஸ்டேஷனுக்கு நானும் வரேன். குட்டிகிட்ட சொல்லு, பாட்டி தூக்கலாமான்னு கேட்டுட்டுத்தான் தூக்குவேன்.

அம்மா