எரிக்கும் முன் ஒருமுறை பாருங்கள்: காப்பி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பி வாரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மிச்சமிருக்கும் பழைய அரபிக்கா காப்பிச் செடிகளை இரகவாரியாகக் கணக்கெடுத்து, ஏற்காட்டிலேயே ஒரு பாதுகாப்புத் தோட்டத்தில் வளர்த்து வைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதாக வரலாறு சொல்கிறது. நட்டது அவர் பெயரில் இருக்கலாம். காட்டைத் திருத்தியது, குழி எடுத்தது, கவாத்து செய்தது, பழம் பறித்தது எல்லாம் கூலிக்கு வந்தவர்களின் கைகள். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் வளர்த்த செடிகளின் வழித்தோன்றல்களாவது பெயரோடு நிற்கட்டும் என்பது என் ஆசை.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் இருந்தது ‘சிக்’ என்ற இரகம். சிக்மகளூரின் பெயரைச் சுருக்கி வைத்தது. தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் வண்டும் இலைத்துரு என்ற பூஞ்சை நோயும் சேர்ந்து அதை வீழ்த்தின. துருநோய் 1869இல் இலங்கையில் தலைகாட்டியது, சில ஆண்டுகளிலேயே தென்னிந்திய மலைகளுக்கும் வந்துவிட்டது. இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி அப்பியிருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். இலங்கை அதோடு தேயிலைக்கு மாறியது. நம் வால்பாறையிலும் காப்பி முதலில் வந்து, பிறகுதான் தேயிலை மலையை மூடியது. சேர்வராயன் மலையோ காப்பியை விடவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

‘சிக்’ போன இடத்தில் ‘கூர்க்’ என்ற இரகம் வந்தது. அதுவும் நோய்க்குத் தளர்ந்தது. 1911இல் மைசூர்ப் பகுதியில் தோட்டம் வைத்திருந்த கென்ட் என்பவர், துரு பிடித்த செடிகளுக்கு நடுவே துருவில்லாமல் நின்ற ஒன்றைக் கண்டு விதை எடுத்தார். அதுதான் கென்ட் இரகம். துருப் பூஞ்சையின் புதிய வகைகள் கிளம்பியதும் அதன் எதிர்ப்பும் குறைந்தது. ஆனாலும் அதன் வித்து வீண் போகவில்லை. கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் உள்ள காப்பி ஆராய்ச்சி நிலையத்தார் கென்ட்டை எஸ்.288 என்ற செடியோடு கலந்து எஸ்.795ஐ உருவாக்கினார்கள். 1940களில் வெளிவந்த அந்த இரகம் இந்திய அரபிக்காவின் முதுகெலும்பானது. ஒருவர் தன் தோட்டத்தில் ஒற்றைச் செடியை உற்றுப் பார்த்ததன் பலன் அத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

இன்று விவசாயிகள் சந்திரகிரியை விரும்புகிறார்கள். 2007இல் நீங்கள் வெளியிட்ட இரகம். குட்டையானது, இலை தடித்துக் கரும்பச்சையாக இருக்கும், துருவைத் தாங்கும். கடன் வாங்கித் தோட்டம் வைத்தவர் அதை நடுவது நியாயமே. தண்டுத் துளைப்பான் புகுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதும் சரியான வழிதான்; விட்டுவைத்தால் பக்கத்துச் செடிக்கும் பரவும். என் கவலை ஒன்றே: எரிவது எந்த இரகம் என்று யாரும் குறித்துக்கொள்வதில்லை. கொல்லிமலையில் மிளகுக் கொடிக்குக் கீழே ஒரு பாட்டி நட்ட செடி பழைய கூர்க்காக இருக்கலாம், அடையாளம் தெரியாத கலப்பாகவும் இருக்கலாம்.

காப்பி விதையை நெல்லைப் போலப் பல ஆண்டு சேமித்து வைக்க முடியாது. சில மாதங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். ஆகவே இரகத்தைக் காப்பது என்றால் செடியை உயிரோடு வளர்ப்பதுதான். பாலெஹொன்னூரில் அப்படியொரு தொகுப்பு இருப்பது அறிவேன். ஆனால் இந்த மலையின் மழைக்கும் வெயிலுக்கும் பல தலைமுறையாகத் தாக்குப்பிடித்த செடிகள், இந்த மலையிலேயே இருக்க வேண்டும்.

2019இல் கூர்க், சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் எங்கள் ஈரோடு மஞ்சளுக்கும் கிடைத்தது. கொங்கு நாட்டுக் காப்பி அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே என்ன வளர்கிறது என்ற பதிவே கையில் இல்லாமல் உரிமை கேட்டுப் போவது எப்படி? இந்த மலைகளின் காப்பியும் காலங்காலமாக அரபிக்கா என்ற ஒரே பெயரில் மூட்டைக்குள் கலந்துவிட்டது. இரகத்தின் பெயரோடு விற்றால் இரண்டு ஏக்கர்க்காரருக்கும் நல்ல விலை கிடைக்க வழியுண்டு.

ஆய்வுக்கு வருபவர்கள் எஸ்டேட் பங்களாவோடு நின்றுவிடக் கூடாது. மலையாளிப் பழங்குடி ஊர்களுக்குள் நடந்து போக வேண்டும். தலைமுறையாகப் பறிக்கும் பெண்களைக் கேளுங்கள். எந்தச் செடி முந்திப் பழுக்கும், எதன் பழம் சீக்கிரம் உதிரும் என்று அவர்கள் சொல்வதை, மரபணுச் சோதனை முடிவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அறிக்கை தமிழிலும் வரட்டும். செடியைக் காட்டிக்கொடுத்த விவசாயிக்கு அதிலிருந்து எடுத்த நாற்றில் முதல் பங்கு கொடுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம். செடியை அடையாளம் காணவும் விதை எடுக்கவும் அதுவே ஏற்றது. வரும் பருவத்துக்குள் ஒரு குழுவை அனுப்பிவையுங்கள்; கூட நடக்க ஊர்க்காரர்களை நான் திரட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டக் காப்பி விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்