கடலூர் பக்கம் ஒரு நட்சத்திரம்

புதுச்சேரி
மே கடைசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பரணில் போட்டுவிட்டுப் போன டெலஸ்கோப்பைத் துடைத்து, சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். கரண்ட் போனதும் நல்லதாகப் போயிற்று. பத்து மணிக்குக் கடலூர் பக்கம், தென்னை மட்டைக்கு மேலே ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரம். கையை நீட்டி முட்டியால் அளந்தால் அடிவானத்திலிருந்து ஒன்றரை முட்டி உயரம் இருக்கும். நம்ம ஊரில் அதற்கு மேல் அது ஏறாது.

கண்ணை வைத்தால் ரெண்டாகத் தெரிந்தது. கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தானே, எனக்குப் பக்கென்றது. அம்மாவைக் கூப்பிட்டேன். "ரெண்டுதான் இருக்கு. பெரிசு மஞ்சள், சின்னது கொஞ்சம் செம்மஞ்சள்" என்றாள். அப்புறம்தான் உயிர் வந்தது.

அது இரட்டை என்று முதலில் கண்டுபிடித்ததே இங்கிருந்துதான், தெரியுமா? 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் புதுச்சேரியில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஆட்சி கவிழ்ந்து இங்கே வந்து சேர்ந்தவர். யார் யாருக்கோ சிலை வைத்த ஊரில் இவர் பேரில் ஒரு பலகைகூட நான் பார்த்ததில்லை.

ரெண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 வருஷம். தாத்தாவுக்குச் சதாபிஷேகம் செய்தோமே, அவ்வளவுதான் ஒரு சுற்று. ரிஷோ பார்த்த பிறகு நாலு முடிந்து ஐந்தாவது ஓடுகிறது.

இதன் தூரத்துக்கான அளவுகளை 1832-33இல் நன்னம்பிக்கை முனையில் எடுத்தவர் தாமஸ் ஹெண்டர்சன். சரியோ தப்போ என்று கையிலேயே வைத்திருந்து 1839இல்தான் வெளியிட்டார். அதற்குள் பெஸ்ஸல் என்ற இன்னொரு வானியலாளர் வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தைச் சொல்லிப் பேர் வாங்கிவிட்டார். (இன்றைய கணக்கில் இது 4.37 ஒளியாண்டு.) உன் ஆராய்ச்சிக் கட்டுரையை இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறாயாம், அம்மா சொன்னாள்.

மெல்பர்னில் அது மறைவதே இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் தெற்கே பார்த்து நில். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்துக்கு இடப்பக்கம் ரெண்டு நட்சத்திரம் பிரகாசமாக இருக்கும். சிலுவையை விட்டுத் தள்ளி இருப்பதுதான் நம்முடையது. குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

டெலஸ்கோப் மூடியை எங்கே வைத்தாய்? இப்போதைக்கு அம்மாவின் ஊறுகாய் டப்பா மூடியைத்தான் கவிழ்த்திருக்கிறேன். அவள் இன்னும் கவனிக்கவில்லை.

அன்புடன்,
அப்பா