செயலாளரின் ஆண்டறிக்கை: பெரிய ஆட்டக்காரரெல்லாம் பயிற்றுநர் ஆகலாமா?

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, மூத்த வீரர்களே, அங்கத்தவர்களே, பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிருவாகக் கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. மாரியில் மைதானத்தில் வெள்ளம் நின்றபோது மட்டும் ஒன்று தள்ளிப்போனது. கோல் கம்பங்களுக்கு நிறம் பூசி, வலை புதிதாகப் போட்டோம். கிணற்று மோட்டர் திருத்தியாயிற்று. கரப்பந்தாட்ட அணி பிரதேச மட்டத்தில் அரையிறுதி வரை போனது. மென்பந்து அணியைப் பற்றி அந்த அணிக்காரரே வாய் திறப்பதில்லை, நானும் விட்டுவிடுகிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

மிச்ச நேரத்தை ஒரே விடயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். 16 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியின் பயிற்றுநர் பதவி. வருடம் முழுக்க வாட்ஸ்அப் குழுவிலும் சந்திக் கடையிலும் பேசப்பட்டது இதுதான். இங்கே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

கழகத்தின் பழைய முன்கள வீரர் ஒருவரை நாங்கள் எல்லோரும் கைதட்டித்தான் நியமித்தோம். அவர் விளையாடிய காலத்தில் யாழ். துரையப்பா விளையாட்டரங்கில் அவர் காலுக்குப் பந்து போனால் சனம் எழும்பி நிற்கும். இடக்கால் அடி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பிரச்சினையும் அந்தக் காலில்தான். பயிற்சிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓடிவந்து ஒரு அடி அடிப்பார், பந்து வலையின் மேல் மூலையில் போய் விழும். "இப்பிடித்தான். விளங்கினதோ?" என்பார். ஒரு பொடியன் கேட்டான், "அண்ணா, மற்றக் காலை எங்க வைக்கிறது?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதையெல்லாம் யோசிச்சு அடிக்கேலாது தம்பி, அடிக்க அடிக்கத் தானா வரும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது தானாகத்தான் வந்தது, எப்படி வந்ததென்று அவருக்கே நினைவில்லை. பொடியள் அடித்த பந்தெல்லாம் மதிலுக்கு அங்கால் வடலிக்குள் போயின. பயிற்சியில் பாதி நேரம் பந்து பொறுக்குவதில் கழிந்தது.

அதே மைதானத்தின் மற்றப் பக்கத்தில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், இங்கே பலர் பெயரைக்கூட மறந்துபோன ஒரு மாற்றுப் பந்துக் காப்பாளர். விளையாடிய காலத்தில் வாங்கில்தான் அதிகம் இருந்தார். அவர் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிச் சுண்ணாம்பால் பாதம் போலக் கீறி வைத்திருக்கிறார். ஊன்றும் கால் அதில் விழவேண்டும், பெருவிரல் கோலைப் பார்க்கவேண்டும். கணுக்காலை இறுக்கி, உடம்பைப் பந்துக்கு மேலே கொண்டுவரவேண்டும். பின்னால் சாய்ந்தால் பந்து மேலே போகும். ஒருவன் பிழையாக அடித்தால் இந்த நாலில் எது பிழைத்தது என்று அவனிடமே கேட்பார். அந்தச் சின்னப் பொடியள் இப்போது தங்கள் பிழையைத் தாங்களே சொல்கிறார்கள். வாங்கில் இருந்த காலமெல்லாம் மனுசன் சும்மா இருக்கவில்லை என்று தெரிகிறது.

"சரி, அப்போ விளையாடத் தெரியாதவன்தான் நல்ல பயிற்றுநரோ?" என்று ஒரு மூத்த அங்கத்தவர் குழுவில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காக நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

சச்சின் டெண்டுல்கரை உருவாக்கிய ராமகாந்த் அச்ரேக்கர் முதல்தரப் போட்டி ஆடியது ஒரேயொரு தடவை. 1996இல் எங்கள் இலங்கைக்குக் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தபோது பயிற்றுநராக இருந்த டேவ் வட்மோர் அவுஸ்திரேலியாவுக்கு ஆடியது 7 டெஸ்ட். பேர்பெற்ற உதைபந்தாட்டப் பயிற்றுநர் மொரின்யோ பெரிய கழகம் எதிலும் விளையாடியவரல்லர். மறுபக்கம் மரடோனா. 1986இல் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தைத் தூக்கியவர், 2010இல் ஆர்ஜென்டீனாவின் பயிற்றுநராகப் போய்க் காலிறுதியில் ஜேர்மனியிடம் 4-0 என்று தோற்றுத் திரும்பினார். அணியில் மெஸ்ஸி இருந்தும் இந்தக் கதி.

ஆனால் இதற்கு எதிர்ச் சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி கூடால், கான், ஒஸ்வால்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்னாள் நட்சத்திரங்கள் பயிற்றுவித்த அணிகள் கூடுதலாக வென்றன என்பதே அதன் முடிவு. உதைபந்தாட்டத்தில் ஜேர்மனியின் பெக்கன்பவரும் பிரான்சின் டெஷாம்பும் அணித்தலைவராகவும் உலகக் கிண்ணம் வென்றார்கள், பயிற்றுநராகவும் வென்றார்கள். எங்கள் சனத் ஜயசூரிய 2024இல் பொறுப்பெடுத்த கையோடு இந்தியாவுடனான ஒருநாள் தொடரை அணி வென்றது, 1997க்குப் பிறகு முதல் தடவையாக.

இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. என்.பி.ஏ.க்கும் தேசிய அணிக்கும் வருகிறவர்கள் ஆட்டத்தைப் படித்து முடித்தவர்கள். அவர்களுக்கு ஜயசூரிய மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. அவர் சொன்னால் நம்பினார்கள், அது போதுமாக இருந்தது. எங்களிடம் வருபவன் எட்டாம் வகுப்புப் பொடியன். ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறான். அவனுக்கு நம்பிக்கையும் வேண்டும்தான், அதற்கு முன்னால் கால் எங்கே வைப்பதென்று தெரியவேண்டும். டெஷாம்பைப் பாருங்கள், அவர் மந்திரம் காட்டும் ஆட்டக்காரரல்லர். நடுக்களத்தில் பந்தைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுத்து, பத்துப் பேரை வாயால் மேய்த்தவர். பயிற்றுநர் வேலையை அவர் விளையாடும்போதே தொடங்கிவிட்டார்.

நட்சத்திரங்களால் பயனில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். யாழ். மத்திய கல்லூரிப் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்தக் கதையைக் கேட்டு மணலைக் குவித்து வைத்துப் பாய்ந்து பழகிய பொடியள் இந்த ஊரில் ஒரு தலைமுறை இருந்தார்கள். எங்கள் வலைப்பந்தாட்டப் பிள்ளைகளும் அப்படித்தான். உயரமாக இருக்கிறோம் என்று கூனி நடந்தவர்கள், இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் உயரமான வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் கோல் போடுவதைப் பார்த்த பிறகு நிமிர்ந்து நடக்கிறார்கள். அது வழிகாட்டியின் வேலை. கிழமைக்கு மூன்று நாள் நாலரை மணிக்கு மைதானத்துக்கு வந்து நிற்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே ஆளைத் தேடுவதால்தான் எங்களுக்குள் இவ்வளவு சண்டை.

இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டு அண்ணாமார் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. வலையும் பந்தும் அவர்கள் காசுதான். ஆனால் ஒருவர் வந்து அணியை 4-3-3 ஆக நிறுத்து என்கிறார், அவர் விமானம் ஏறமுதல் மற்றவர் வந்து 3-5-2 என்கிறார். செப்டெம்பரில் பொடியளுக்குத் தாங்கள் எந்த இடத்தில் நிற்பதென்றே தெரியவில்லை. அடுத்த வருடம் அண்ணாமார் பயிற்றுநரோடு கதைத்துவிட்டு மைதானத்தில் இறங்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் முன்கள வீரரோடும் நிருவாகம் நேரில் பேசியது. முதலில் கோபப்பட்டார், அது இயல்புதான். அப்புறம் ஒருநாள் மற்றப் பக்கம் போய், சுண்ணாம்பு அடையாளத்தில் தன் காலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் இப்பிடித்தான் வைக்கிறன் போல" என்றாராம். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் உரிமப் பாடநெறிக்குப் போகச் சம்மதித்திருக்கிறார், வெங்காயம் கிண்டி முடிந்த பிறகு. அதுவரை மூத்த அணியின் முன்கள வீரர்களோடு நிற்பார். அவர்களுக்குக் கால் வைக்கத் தெரியும், அவரிடமிருந்து எடுக்கவேண்டியது வேறு.

ஆகவே இரண்டு தீர்மானங்களைச் சபையின் முன் வைக்கிறேன். எந்த வயது அணிக்கும் பயிற்றுநராக வருபவர், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், ஒரு தவணை உதவிப் பயிற்றுநராக நிற்கவேண்டும். உரிமப் பாடநெறிக்கான கட்டணத்தைக் கழகம் செலுத்தவேண்டும், அதற்காக மாதச் சந்தாவைக் கூட்டவேண்டி வரும். இரண்டாவதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். கையுயர்த்த முதல் பொருளாளரின் கணக்கையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நன்றி.

செயலாளர்