ஓ.பி. சீட்டு போடுபவருக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்று அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலைப் பற்றி எழுதுவோர் குறைவு. நோயாளி முதலில் பேசுவது அங்கே இருப்பவரிடம்தான். பல இடங்களில் பெயர், வயது, ஊர் கேட்டு நம்பர் கொடுப்பதோடு அவர் வேலை முடிகிறது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவும், பதிலுக்கேற்ப யாரிடம் அனுப்புவதென்றும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பாம்புக்கடி, வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு அல்லது தலைவலியோடு கண் மங்கல், பால் குடிக்காத கைக்குழந்தை: இவர்களை உடனே உள்ளே அனுப்ப வேண்டும், சீட்டு பிறகு போடலாம். நெஞ்சு வலி என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். ஆனால் நம் ஊர்க்காரர்கள் நெஞ்சு வலி என்று சொல்வது குறைவு. "நெஞ்சு கனக்குது", "கேஸ் அடச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். இந்த வார்த்தைகளும் ஜன்னலில் ஒட்டும் பட்டியலில் இருக்க வேண்டும். விளவங்கோடு பக்கம் மலையாளத்திலும் வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் அவகாசம். ஆகவே 108-ஐ அழைக்கும்போதே "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" என்று கேட்டு, அந்த நேரத்தைச் சீட்டில் எழுதிவிட வேண்டும். கோதையாறு, பேச்சிப்பாறை பக்கமிருந்து இறங்கி வருபவருக்கு அதில் ஒரு பங்கு வழியிலேயே போயிருக்கும்.

தவறிப்போகும் இன்னொருவர் டெங்கு நோயாளி. காய்ச்சல் விட்டுவிட்டது, வயிற்று வலியும் வாந்தியும் நிற்கவில்லை என்பார். உடம்பு சுடவில்லை என்பதால் வரிசையின் கடைசியில் நிற்பார். ஆபத்தான கட்டமே அதுதான்.

நாய் கடித்தவரை டோக்கனோடு நிறுத்தக் கூடாது. முதலில் குழாயடிக்கு அனுப்பி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்ல வேண்டும். தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில்; முதல் ஊசி போடும் நாள்தான் 0. முதல் ஊசி போட்ட நாளையே ஒன்று என்று எண்ணி, நாள் மாறி வருவது சகஜம். அதனால் எண்களைச் சொல்லாமல், காலண்டர் பார்த்துத் தேதிகளையே எழுதிக் கொடுங்கள். ஞாயிறு விழுந்தால் எங்கே போவதென்றும் எழுதுங்கள்.

சர்க்கரை டெஸ்ட்டில் வீணாகும் நாட்களும் கொஞ்சமல்ல. வெறும் வயிறு என்றால் 8 மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் கூடாது. விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகும்போது குடிக்கும் கட்டஞ்சாயாவும் (பால் சேர்க்காத டீ) கணக்குதான். சாப்பாட்டுக்குப் பிந்தைய 2 மணி நேரத்தைச் சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். இதை முந்தைய வருகையிலேயே சொன்னால், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிஞ்சும்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது "ஆசாரிப்பள்ளம் போங்க" என்பதும் வழிகாட்டல் ஆகாது. எந்தப் பிரிவு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் என்று எழுத வேண்டும். பழைய சீட்டு, ஸ்கேன், மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் எடுத்துப்போகச் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை வீட்டிலிருந்தால் இன்னொரு நடை. பத்து நாள் கழித்துப் போனில் கேட்க வேண்டும். போகவில்லை என்றால் காரணம் குறிக்க வேண்டும்: கூட வர ஆளில்லையா, ரப்பர் வெட்டு நேரமா, கடலுக்குப் போய்விட்டாரா.

ஜன்னலில் இருப்பவர் நோயின் பெயர் சொல்லக் கூடாது, ரிப்போர்ட்டுக்கு விளக்கம் தரக் கூடாது. "கேஸ் டிரபிளாத்தான் இருக்கும்" என்ற ஒரு ஆறுதல் வார்த்தை உயிரைக் கொண்டுபோகும். பட்டியலை டாக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சத்தமாகக் கேட்கவும் கூடாது; பின்னால் பத்துப் பேர் நின்றால், வெள்ளைப்படுதலுக்கு வந்த பெண் தலைவலி என்றுதான் சொல்வார். "டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுறேன்" என்றால் அதையே பதிலாக ஏற்க வேண்டும்.

இங்கிலாந்தில் இத்தகைய பயிற்சிக்கு 2016-இல், 5 ஆண்டுகளுக்கென 4.5 கோடி பவுண்டு அறிவித்தார்கள். 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, காது வலி உள்ளிட்ட 7 நோய்களுக்கு வரவேற்பாளர் மருந்தாளுநரிடம் அனுப்பலாம். அந்தப் பகுதியை இங்கே எடுக்க வேண்டாம். அங்கே மருந்தாளுநருக்கு எழுதப்பட்ட விதி உண்டு. இங்கே மருந்துக் கடைக்கு அனுப்பினால் இரண்டு நாள் ஆன்டிபயாடிக்கோடு முடியும். நிலையத்துக்குள்ளேயே இருக்கும் பி.பி., சர்க்கரை பார்க்கும் நர்ஸ், கட்டுப் போடும் அறை, லேப், சித்தா பிரிவு ஆகியவற்றுக்கு நேராக அனுப்பினாலே டாக்டர் அறை வாசலில் கூட்டம் குறையும்.

இன்னொன்று. பதிவில் கொடுக்கும் போன் நம்பர் பல வீடுகளில் வளைகுடாவில் இருக்கும் மகனுடையது. ஓ.டி.பி. அங்கே போகும், அவர் வேலையில் இருப்பார், அம்மா இங்கே ஜன்னலில் நிற்பார். உள்ளூரில் எடுக்கும் ஒரு நம்பரை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார நிலையப் பணியாளர்கள் சிலர்,
கல்குளம் வட்டம்.